மதியக் கொடையில் பேசியவள்

தன் தாய் தன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவதை இசக்கிசெல்வி அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். மஞ்சள் நீரில் நனைந்த கூந்தல் முகத்தில் ஒட்டியிருந்தது. வாயில் வேப்பிலைக் கசப்பு. நீலத் தார்ப்பாயின் மேல் ஆடி மழை விழுந்துகொண்டிருந்தது. மேளக்காரர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் கொட்டு நின்று சற்று நேரமாகியிருக்க வேண்டும். கடைசியாக அவள் நினைவில் இருந்தது உறுமியின் ஓசையும் ஈரத் தரையில் கால் வழுக்கியதும்தான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அம்மா முருகம்மாள் குவித்த கையைப் பிரிக்காமல் எதிரே நின்றாள்.

"என்னம்மா?" என்று இசக்கிசெல்வி கேட்டாள்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் முருகம்மாளின் கைகள் இறங்கின. "எந்திரி மக்கா. காப்பி குடி," என்றாள்.

தாராவியின் அந்தச் சந்தில் இசக்கியம்மன் கோயில் ஒரு மளிகைக் கடை அகலம்தான் இருக்கும். ஆடிச் செவ்வாயில் நடக்கும் மதியக் கொடை விழாவுக்கு அம்பர்நாத்திலிருந்தும் கோபர்கைரனேயிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து நெருக்குவார்கள். யாருக்காவது அம்மன் வருவது வழக்கம். வந்தால், கோயில் பொறுப்பைப் பார்க்கும் பிரம்மநாயகம் எதிரே நின்று, வந்திருப்பது யார், என்ன குறை என்று கேட்பார். வந்தவள் சொல்லுவாள். எல்லாரும் கேட்டுக்கொள்வார்கள். அடங்கிய பிறகு அதைப் பற்றி அந்த ஆளிடம் எவரும் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. ஒலிபெருக்கியில் கேட்ட செய்திக்காக யாரும் ஒலிபெருக்கியிடம் போய் விளக்கம் கேட்பதில்லை, அதுபோலத்தான். அந்த ஆண்டு அம்மன் வந்தது இசக்கிசெல்விக்கு. அவள் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகத்தில் தத்துவம் முதுகலை இரண்டாம் ஆண்டு படிப்பவள். அம்மன் என்று ஒருத்தி இருப்பதாக நம்பாதவள். கொடைக்கு வந்ததே அம்மாவின் மனம் நோகக் கூடாது என்றுதான்.

தான் என்ன பேசினோம் என்பதை மாலையில் பக்கத்து வீட்டுப் பேராச்சி சொல்லித்தான் அவள் அறிந்தாள். முறையில்லை என்று தெரிந்தும் பேராச்சிக்கு வாய் நிற்கவில்லை. யார் வந்திருக்கிறது என்று பிரம்மநாயகம் கேட்டாராம். முன்னால் நின்றுகொண்டே யாரென்று கேட்கிறாயா என்று அவள் திருப்பிக் கேட்டாளாம். பிறகு, குறை என்ன என்று யாரும் கேட்பதற்குள், அவளே சொன்னாளாம்: "இவ எனக்குள்ளவ. இவள ஒரு வீட்டுக்கும் நான் குடுக்க மாட்டேன். கேட்டு வந்தவன் கேட்டபடியே நிக்கட்டும்."

கேட்டு வந்தவன் சுதன். சான்பாடாவில் இருப்பவன், பேலாப்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை வேலை. வைகாசியில் நிச்சயம் முடிந்திருந்தது. அவளே விரும்பித் தேர்ந்தெடுத்தவன் அவன். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க அவள் பட்ட பாடு அந்தச் சந்துக்கே தெரியும். கொடைக்கு அவனும் அவன் தாய் சங்கரேஸ்வரியும் வந்திருந்தார்கள். இசக்கிசெல்வி பேசி முடித்ததும், படையல் சோறுகூடச் சாப்பிடாமல் இருவரும் மழையில் இறங்கிப் போய்விட்டார்கள் என்றும் பேராச்சி சொன்னாள்.

இசக்கிசெல்வி அந்தச் சொற்களை மறுபடி சொல்லச் சொன்னாள். பேராச்சி சொன்னாள். இன்னொரு முறை கேட்டபோது பேராச்சிக்குப் பயம் வந்து, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் அதிர்ந்து உட்கார்ந்ததற்குக் கல்யாணம் மட்டும் காரணமில்லை. அவள் படித்துக்கொண்டிருந்தது மொழியைக் கழற்றிப் பார்க்கும் தத்துவம். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு எழுதத் தொடங்கப்பட்டு இன்றுவரை சண்டை ஓயாத சில அடிப்படைக் கட்டுரைகள். ஒரு பெயர் தன் பொருளை எப்படிப் போய்ப் பிடிக்கிறது? பிடிக்க ஆளே இல்லாதபோது அந்த வாக்கியம் என்ன ஆகிறது? ஒருமுறை குர்லாவில் ரயிலேறியபோது சுதனிடம் அவள் கேட்டாள், சான்பாடா கலங்கரை விளக்கத்தின் நிறம் வெள்ளை என்றால் அது உண்மையா பொய்யா என்று. எங்கள் ஏரியாவில் அப்படி ஒன்று இல்லவே இல்லையே, பொய்தான் என்றான் அவன். பொய்யென்றால் அது வேறு நிறமா என்று கேட்டாள். செம்பூர் வரை சிரித்தான். வாஷிப் பாலம் வரை யோசித்தான். அந்த யோசனைக்காகத்தான் அவனை அவளுக்குப் பிடித்தது.

அவளுடைய ஆய்வேடு 'நான்' என்ற சொல்லைப் பற்றியது. பெயர்கள் ஆளைத் தவறவிடலாம். வருணனைகள் யாருமற்ற வெளியில் போய் விழலாம். 'நான்' மட்டும் ஒருபோதும் தவறுவதில்லை என்பது அவள் முதல் இயலின் துணிபு. வாய் திறந்து சொல்பவர் எவரோ அவர்மேலேயே அது விழும். சொல்பவர் தம்மை மறந்திருந்தாலும், தம்மை வேறொருவராக எண்ணிக்கொண்டிருந்தாலும், விழும். அந்த இயலைத் தட்டச்சுப் பிழை பார்த்துக் கொடுத்தவன் சுதன்தான்.

மறுநாள் வளாகத்து உணவகத்தில், செம்பூரிலிருந்து வரும் வகுப்புத் தோழி மெஹக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மெஹக் முதலில், காய்ச்சல் இருந்ததா, காலையில் சாப்பிட்டாயா என்று விசாரித்தாள். விரதம், புகை, கொட்டுச் சத்தம், நெரிசல் என்று அடுக்கிப் பார்த்தாள். முடிவில், முஹ் ஸே நிக்லா, தூனே போலா நஹீ என்றாள். வாயிலிருந்து வெளிவருவது வேறு, சொல்லுவது வேறு. தூக்கத்தில் உளறுகிறவன் எதையும் சொல்லவில்லை. இசக்கிசெல்வி அதைப் பிடித்துக்கொண்டாள். வேறு பிடிப்பும் இல்லை. ஆனால் இரவும் பகலும் அவளுக்குள் ஒன்று உறுத்தியது: உலகத்தில் எத்தனையோ வாக்கியங்கள் இருக்க, ஏன் அந்த வாக்கியம்?

சுதன் தொலைபேசியை எடுக்கவில்லை. வந்தது சங்கரேஸ்வரி. நிச்சயத்தட்டைத் திருப்பித் தரத்தான் வருகிறாள் என்று சந்து முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. அவளோ வந்து உட்கார்ந்து, இஞ்சி தட்டிப் போட்டு டீ கேட்டாள். முருகம்மாள் அழத் தொடங்கியபோது அதட்டினாள். "என்னத்துக்கு அழுதிய, மைனி? பொண்ணக் குடுக்க இசக்கிக்கு மனசில்ல. யாருக்குத்தான் இருக்கு? எங்கம்மைக்கும்தான் இல்ல. அதுக்காவ நான் கெட்டிக்கிடாமலா இருந்தேன்? பூக்கட்டிப் பாப்போம்."

வெள்ளிக்கிழமை காலை பார்த்தார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இலையில் ஒன்றுபோல் மடித்து, குலுக்கி, அம்மன் காலடியில் போட்டார் பிரம்மநாயகம். வெள்ளை வந்தால் சம்மதம். பேராச்சி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தபோது வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். சங்கரேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆவணியில் நல்ல நாள் எது என்று அப்போதே ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை எழுந்த மலை வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பூப்பொட்டலத்தில் அடங்கிவிட்டது.

அந்தப் பூவைக் கண்டதும் தன் கண்ணில் நீர் வந்ததை நினைத்து இசக்கிசெல்வி திகைத்தாள். இருப்பதாகத் தான் நம்பாத ஒருத்தியின் சம்மதம் கிடைத்ததற்கா இந்த நிம்மதி? இருந்தாலும் நிம்மதி நிம்மதிதான். சுதனுக்குச் செய்தி அனுப்பினாள். இந்த முறை பதில் வந்தது: சனிக்கிழமை காலை, மாட்டுங்காவில்.

மாட்டுங்காவின் அந்த உணவகத்தில் சனிக்கிழமைகளில் இடம் கிடைப்பது அரிது. உண்பவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த குடும்பம் வந்து நின்று, தட்டு காலியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். சுதன் முன்னமே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தான். நான்கு நாளில் இளைத்துப்போயிருந்தான். பூக்கட்டில் வெள்ளை வந்ததை அவள் சொன்னாள். தெரியும் என்று தலையசைத்தான். பிறகு தன் கைபேசியை எடுத்து, காதுக் கருவியை அவளிடம் நீட்டினான். கொடையன்று அவன் எடுத்த காணொளி.

திரையில், கூட்டத்தின் நடுவில், அவள் நின்றிருந்தாள். ஆடவில்லை. நாக்கைத் துருத்தவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. பிரம்மநாயகம் கேட்டார். அச்சமூட்டும் ஒரு குரலுக்குக் காதைத் தயார்செய்து வைத்திருந்தவளுக்குக் கேட்டது, வகுப்பில் கட்டுரை வாசிக்கும் தன் சொந்தக் குரல். நிறுத்தி நிதானித்து, ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய இடத்தில் வைத்துப் பேசும் அதே குரல். அவள் கருவியைக் காதிலிருந்து பிடுங்கினாள். 

"கத்தியிருந்தா நான் விட்டிருப்பேன், செல்வி," என்றான் சுதன். "ஆடியிருந்தாலும் விட்டிருப்பேன். நீ நார்மலா பேசுன."

அவள் மெஹக்கின் வாதத்தை எடுத்து வைத்தாள். உளறல் கூற்றாகாது. மேடையில் நடிப்பவன் தன் மனைவியைக் கொல்வேன் என்றால் காவலர் வருவதில்லை. சுதன் பொறுமையாகக் கேட்டான். நடிப்பவனுக்குத் தான் நடிக்கிறோம் என்று தெரியும், உனக்குத் தெரியவில்லை என்றான். காய்ச்சலில் கிடப்பவன் தன்னை ராஜா என்று சொன்னால் என்று அவள் தொடங்கியபோது இடைமறித்தான்.

"அவன் ராஜா இல்ல. ஆனா சொன்னது அவன்தான். உன் சாப்டர்லயே இருக்கு. நான்தானே புரூஃப் பாத்தேன்."

அவள் கைபேசியை அவன் பக்கம் தள்ளினாள்.

"தேக், அம்மாவுக்கு இசக்கின்னு ஒருத்தி இருக்கா," என்றான் அவன். "அவ சொன்னா, அவளே மாத்திக்கிட்டா. மாம்லா கதம், முடிஞ்சுபோச்சு. எனக்கு அப்படி யாரும் இல்லையே. எனக்குத் தெரிஞ்சு அங்க நின்னது நீ ஒருத்திதான்."

நான்கு நாளாக அவள் அஞ்சியது கோயிலை, சங்கரேஸ்வரியை, சந்தின் வாயை. இந்தப் பக்கத்திலிருந்து அடி விழும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. நம்புகிறவர்கள் எல்லாரும் அவளை ஒரே காலையில் விடுவித்துவிட்டார்கள். நம்பாத இருவர் மட்டும் இந்த மேசையில் அகப்பட்டுக்கொண்டு கிடந்தார்கள். அவள் கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டாள்.

"சரி. நான்தான் சொன்னேன்னே வச்சுக்கோ. இப்பவும் நான்தான் சொல்லுதேன், எனக்கு உன்னக் கெட்டிக்கிடணும். இதுல எத நம்புவ?"

சுதன் யோசித்தான். அவள் நேசித்த அதே யோசனை. நெற்றி சுருங்கி, பார்வை தூரத்தில் போய் நிற்கும். பின்னால் நின்ற குடும்பத்தில் யாரோ பொறுமையிழந்து கால் மாற்றி நின்றார்கள்.

"அன்னைக்குச் சொன்னத," என்றான். "அன்னைக்கு உனக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவன் கொடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவன் குரலில் கலக்கமும் ஒருவகை மரியாதையும் இருந்தன. கல்யாணம் வேண்டாம் என்று தான் சொல்லவில்லை என்றும், உள்ளே இருக்கிற அந்த இன்னொருத்திக்கு என்ன குறை என்று தெரியாமல் அவளுடன் எப்படி வாழ்வது என்றும் கேட்டான். செம்பூரில் ஒரு மருத்துவர் இருக்கிறாராம். அரை மயக்கத்தில் ஆழ்த்தி, உள்ளே இருப்பதைப் பேச வைப்பாராம். திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டான். தானும் கூட வருவான்.

"அவரு என்ன கேப்பாரு?"

"யாரு பேசுறது, என்ன பிராப்ளம்... அந்த மாதிரிதான்."

பிரம்மநாயகம் கேட்ட கேள்விகள். அவர் அவற்றை வேட்டியும் திருநீறுமாக நின்று கேட்டார். இவர் வெள்ளைக் கோட்டில் கேட்கப்போகிறார். இசக்கிசெல்வி சிரிக்கப் பார்த்தாள். 

"அங்க நான் மறுபடியும் முடியாதுன்னா?"

"அப்போ அதான் உண்மை."

"சரின்னா?"

"அப்பவும் அதான்."

"இப்ப முழிச்சுக்கிட்டு, உன் கண்ணப் பாத்துச் சொல்லுதேனே. இது?"

சுதன் தலையைக் குனிந்துகொண்டான். "இது நீ சொல்லணும்னு நினைக்கிறது, செல்வி."

பரிமாறுபவர் ரசீதை வைத்துவிட்டு நின்றார். அவளுக்கு இரைச்சல் முழுவதும் எங்கோ பின்வாங்கிப் போனதுபோல் இருந்தது. இனி வரும் ஆண்டுகள் அந்த இரைச்சலற்ற இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. எந்த ஊரில் இருப்பது, பிள்ளை வேண்டுமா, வேலைக்குப் போவதா என்று எதைக் கேட்டாலும், அவள் கண்ணைத் திறந்துகொண்டு சொல்லும் பதில் இவனுக்கு மேற்பூச்சு. மெய்யான பதில் அவளுக்கே எட்டாத ஓரிடத்தில் இருக்கும். அதை வரவழைத்துக் கேட்கும் உரிமை வேறு யாருக்கோ இருக்கும். சந்தில் அவளைக் கால் மணி நேரம் கும்பிட்டார்கள்; அப்புறம் காப்பி கொடுத்து வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். இவனோ அந்தப் பாதி மூடிய கண்களை ஆயுள் முழுவதும் கும்பிடுவான்.

அந்த மருத்துவரிடம் வரமாட்டேன் என்று அவள் சொன்னாள். அவன், ஒரே ஒரு முறை, இரண்டு பேர் நிம்மதிக்காக என்று கெஞ்சினான். வரமாட்டேன் என்று மறுபடியும் சொன்னாள். அதை அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று அவன் முகத்தில் தேடினாள். அவன் அவளைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பதிலைக் கேட்பவனைப் போல் அல்ல, பதிலுக்குப் பின்னால் யாராவது தெரிகிறார்களா என்று பார்ப்பவனைப் போல. அவள் எழுந்தாள். அவள் நாற்காலி நகரும் முன்பே பின்னால் நின்ற பெண் தன் பையை அதில் வைத்துவிட்டாள்.

வீட்டில் முருகம்மாள் அம்மனுக்குப் பொங்கலிடப் பச்சரிசி களைந்துகொண்டிருந்தாள். தோல் பை தைக்கும் கார்கானாவுக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அப்பா வெயிலுமுத்து விறகு வாங்கப் போயிருந்தார். இசக்கிசெல்வி செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக விஷயத்தைச் சொன்னாள். கல்யாணம் வேண்டாம். நிறுத்திவிட வேண்டும்.

முருகம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. அரிசித் தண்ணீர் சொட்டும் கையோடு நிமிர்ந்தாள். "அம்மனே சரின்னுட்டா, ஏட்டி. இன்னும் யாருக்குச் சம்மதமில்ல?"

"எனக்கு."

செவ்வாய்க்கிழமை மகளின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு முருகம்மாள் மெய்சிலிர்த்திருக்கிறாள்; கும்பிட்டிருக்கிறாள்; அழுதிருக்கிறாள். இப்படி விறைத்து அவள் நின்றதில்லை. அந்த வீட்டில், அந்தச் சந்தில், ஒரு பெண் இந்தச் சொல்லைத் தனக்காகச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவன் ஏதும் தப்பாக நடந்தானா என்று கேட்டாள். இல்லை. வேறு யாராவது மனத்தில் இருக்கிறார்களா? இல்லை. அப்படியென்றால் எதற்கு என்று கேட்டபோது இசக்கிசெல்வி ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். தான் கண் விழித்துப் பேசுவதை நம்பாத ஒருவனுடன் தன்னால் இருக்க முடியாது என்றாள். அம்மாவுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. எந்தப் புருசன் நம்புகிறான் என்று மட்டும் சொல்லிவிட்டு, அரிசிப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள்.

"உங்கத்தைக்கு நீயே போன் பண்ணிக்கிடு. என் வாயால வராது."

பழகிய மணியோசை இரண்டு முறை ஒலிப்பதற்குள் சங்கரேஸ்வரி எடுத்துவிட்டாள். ஆவணியில் இரண்டு முகூர்த்தம் பார்த்து வைத்திருப்பதாகவும், சுதன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகவும், ஆம்பிளைப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் என்றும் மூச்சுவிடாமல் பேசினாள். இசக்கிசெல்வி காத்திருந்தாள். இடைவெளி வந்ததும் சொன்னாள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானித்துச் சொல்லும்போதே, அந்தக் காணொளியில் கேட்ட குரல்தான் தன்னிடமிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளிடம் இருந்தது அந்த ஒரு குரல்தான்.

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது.

"மக்கா," என்றாள் சங்கரேஸ்வரி. குரல் இறங்கியிருந்தது. "இது இசக்கி சொல்லுததா?"

"இல்ல அத்த. நான்தான் சொல்லுதேன்."

"இசக்கின்னா ஒரு பட்டுச்சேல வச்சுக் கேட்டுப் பாத்திருப்பேன்," என்றாள் சங்கரேஸ்வரி. "நீன்னா நான் என்னத்த வைக்க?"